மேட்டின் கிழக்குத் துண்டு

“நாடாவை இழுத்துப் பிடிங்க. தொய்யக் கூடாது,” என்று பள்ளத்துக்குள்ளிருந்து அதிகாரி சொன்னாள்.

தையல்காரர் இழுத்துப் பிடித்தார். நாடா பிடிப்பது அவருக்குப் புதிதில்லை. ஆனால் தோளுக்கும் இடுப்புக்கும் பழகிய கையில் இந்த நீள நாடா அடங்காமல் காற்றில் துடித்தது. கீழே தெருவில் நாலைந்து பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் கொத்தனாரும் இருந்தார். தையல்காரருடைய மனைவியின் அண்ணன்.

“மாப்பிள்ளை! மேட்டுக்குச் சட்டையா, கால்சட்டையா?” என்று கொத்தனார் கத்தினார்.

“லைனிங் மட்டும்தான், மச்சான்!”

“பாத்துத் தை. எனக்குத் தைச்ச மாதிரி கக்கத்துல பிடிச்சிடப் போகுது.”

எல்லோரும் சிரித்தார்கள். தையல்காரரும் சிரித்தார். தொல்லியல் துறையிலிருந்து ஒரு ஆள் வந்து பார்க்க வேண்டும் என்று அவர் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். இன்று வந்துவிட்டாள். அன்றைக்கு யார் என்ன சொல்லியிருந்தாலும் அவருக்குச் சிரிப்புதான் வந்திருக்கும்.

அதிகாரி மேலே ஏறி வந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். முழங்கால் வரை ஒட்டுப்புல்.

“ஐயா, இது என்னன்னு நினைக்கிறீங்க?”

“மதில், மேடம். மண்ணும் கல்லுமாப் போட்ட மதில். நீங்க ஏறி வந்த பள்ளம் அகழி.”

“அந்தக் கல்லைப் புரட்டுங்க.”

புரட்டினார். கல்லின் ஓரத்தில் வரிசையாகக் குழிகள் இருந்தன, விரல் நுழையும் அளவு. பிரித்த தையலின் ஊசித் துளைகள் மாதிரி.

“ஆப்பு அடிக்க வெட்டின குழி. கல்லு நேரா பிளக்காம கோணலா உடைஞ்சிருக்கு. உதவாதுன்னு இங்க எறிஞ்சிருக்காங்க. அதோ அந்த மேடுகளைப் பாருங்க. பள்ளத்து வாயிலேர்ந்து விரல் விரலாப் பிரிஞ்சு போகுது. ஒவ்வொரு விரலும் கூடைக்காரங்க நடந்து போய்க் கொட்டின வழி. பெரிய கல்லு எங்க கிடக்கு?”

“அடியில.”

“உருண்டு போயிருக்கு. கொட்டினா அப்படித்தான் விழும். மதில் கட்டறவங்க அப்படி வைக்க மாட்டாங்க. இன்னொண்ணு. இந்த மேட்டை எல்லாம் வாரித் திரும்பப் பள்ளத்துல போட்டா ரொம்புமா?”

அவர் பள்ளத்தைப் பார்த்தார். அதன் மறுகோடியில் குட்டையாகத் தண்ணீர் நின்றது. “கால்வாசி ரொம்பும்.”

“மீதி எங்க?”

“வெட்டின துணி சட்டையாயிடுச்சு,” என்றார் அவர், யோசிக்காமலே. “இங்க கிடக்கறது கத்தரிச்ச துண்டு.”

அதிகாரி முதல் தடவையாகச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது.

தெருவில் அவரைக் கோட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். கடை, வீட்டின் முன்னறை. இரண்டு மெஷின், ஓடுவது ஒன்று. ஓடாததன் மேல் தைக்க வேண்டிய துணி குவிந்திருக்கும். ஜன்னலுக்கு வெளியே மேடு. கல்யாணமான புதிதில், மனைவியின் தெருவுக்கே குடிவந்து கடை போட்டபோது, அவர் அந்த மேட்டைக் கவனித்ததுகூட இல்லை. மாதிரி வெட்டுவதற்குப் பழைய காகிதம் எடைக்கு வாங்குவார். ஒரு தடவை ஒரு காலருக்கு மாதிரி வெட்டிவிட்டுத் தாளைத் திருப்பினால், பின்பக்கம் ஒரு படம். பழைய மண் அரண் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று காட்டுகிற படம். ஒரு பள்ளம், பக்கத்தில் ஒரு மேடு. படத்தில் பாதி காலரோடு போய்விட்டது. மீதிப் பாதியைக் கையில் பிடித்துக்கொண்டு தலையை நிமிர்த்தினார். ஜன்னலில் அதே பள்ளம், அதே மேடு.

அதற்குப் பிறகு அவர் வேறு ஆளாகிவிட்டார் என்பாள் மனைவி. அப்படியொன்றும் ஆகிவிடவில்லை. தைத்துக்கொண்டுதான் இருந்தார். மெஷினை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்ப்பது கூடிப்போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் மேட்டைச் சுற்றி வந்தார். கிடைத்த புத்தகங்களைப் படித்தார், பாதி புரிந்தது. எழுநூறு எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே காவல் இருந்திருக்கிறது என்று துணி கொடுக்க வந்தவர்களிடம் சொல்வார். அவர்கள், சட்டை எப்போது கிடைக்கும் என்று கேட்பார்கள். பள்ளத்தில் ஒரு காலத்தில் கல் வெட்டினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மேடு அதற்கு முன்பே இருந்தது என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியில் அவர் ஒருவர்தான் இருந்தார்.

பிறகு அந்தப் பள்ளத்தை மறுபடி கல் குவாரியாகத் திறக்க ஒரு கம்பெனிக்கு அனுமதி கிடைத்தது. வெடி வைக்கும் தூரத்துக்குள் வருவதால் தெரு முழுக்கக் காலி செய்ய வேண்டும் என்றார்கள். கொத்தனார் தன் கையால் கட்டிய வீடு அந்தத் தெருவில் பாதிக்கு மேல். அவர் வீட்டு மாடிப்படியில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்காது. அதைத் தொட்டுக் காட்டாமல் யாரையும் மேலே கூட்டிப்போக மாட்டார். தெருக்காரர்கள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார்கள். கடைசியாக ஒரு குமாஸ்தா போகிறபோக்கில் சொன்னார், அங்கே ஏதாவது பழைய சின்னம் இருந்தால் வெடி வைக்க முடியாது என்று.

அன்று சாயங்காலம் கடைக்கு முன்னால் கூட்டம். “கோட்டை, அந்தக் கதையை இன்னொரு தடவை சொல்லு,” என்றார்கள்.

இப்போது அதிகாரி மேட்டின் மேல் நடந்துகொண்டே இருந்தாள். கூடவே அவரும் நடந்தார். ஒவ்வொரு கல்லாக அவள் காலால் தட்டிக் காட்ட, அவருடைய இத்தனை வருஷத்து மதில் பின்னாலேயே அவிழ்ந்துகொண்டு வந்தது. அவள் கரிசனமாகத்தான் பேசினாள். அவள் சொன்ன எதிலும் தப்பில்லை.

கிழக்குக் கோடியில் அவள் நின்றாள். மேடு அங்கே தாழ்ந்து, புல் மூடி, ஒரு பஸ் நீளத்துக்குக் கிடந்தது. ஒரு பக்கம் கல் குப்பை அதன் மேல் ஏறியிருந்தது. மறுபக்கம் எப்போதோ போட்ட ரோடு அதை வெட்டிவிட்டிருந்தது. மேட்டிலேயே பார்க்க லாயக்கில்லாத துண்டு. குழந்தைகள் சறுக்கி விளையாடுவார்கள். வெளிப்பக்கம் ஒரு பள்ளம், முட்டளவு.

“இங்க கல்லே இல்லையே,” என்றாள், தனக்குத்தானே.

தோளில் இருந்த பையிலிருந்து நீளமான ஒரு கம்பியை எடுத்தாள். அதன் முனையில் மண்ணைப் பிடித்து வருகிற மாதிரி ஒரு பள்ளம் இருந்தது. திருகி இறக்கினாள், எடுத்தாள், மண்ணைத் தாள் மேல் வரிசையாக வைத்தாள். முதலில் சரளை. அதற்குக் கீழே மஞ்சள் களிமண். அதற்குக் கீழே கறுப்பு மண். மறுபடியும் கறுப்பு, கொஞ்சம் இறுகிப்போய். அப்புறம் மஞ்சள். அப்புறம் சரளை. கம்பி பாறையில் முட்டியது.

“சாதாரணமா மண்ணு எப்படி இருக்கும், சொல்லுங்க.”

“மேல கறுப்பு. அப்புறம் மஞ்சள். அப்புறம் சரளை. வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது பாத்திருக்கேன்.”

“இங்க?”

அவர் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சரளை, மஞ்சள், கறுப்பு. கறுப்பு, மஞ்சள், சரளை.

“மடிச்சிருக்கு,” என்றார். “நல்ல பக்கத்து மேல நல்ல பக்கத்தை வெச்சு மடிச்சிருக்கு.”

“அதேதான். வெளியில பள்ளம் தோண்டி, வந்த மண்ணை வந்த வரிசையிலயே இங்க போட்டிருக்காங்க. மேல் மண்ணு முதல்ல விழுந்திருக்கு, ஆழத்து மண்ணு கடைசியா. கல் வெட்டறவங்களுக்கு அந்த வேலை தேவையில்லை. அடியில இருக்கிற கறுப்பு, அந்தக் காலத்துத் தரை. அதுக்கு மேல யாரோ நடந்திருக்காங்க.” அவள் மண்ணைத் திரும்பத் துளைக்குள்ளேயே போட்டு மூடினாள். “கம்பியை வெச்சு எதுவும் சொல்ல முடியாது. சந்தேகப்படத்தான் முடியும். அனுமதி வாங்கிட்டு வந்து குறுக்கே ஒரு குழி வெட்டிப் பாக்கணும். இந்த வரிசை சுவர்ல அப்படியே தெரிஞ்சா, அது மண் அரண்தான். இந்தத் துண்டு போதும், யாரும் வெடி வைக்க முடியாது. அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது. புல்லைக்கூடப் பிடுங்க வேண்டாம்.”

அவர் வீட்டுக்கு ஓடினார் என்றே சொல்லலாம். மனைவியிடம் சொன்னார். கொத்தனாரிடம் சொன்னார்.

“அவ்வளவு பெரிய மேட்டை விட்டுட்டு அந்தச் சறுக்குமரமா?” என்றார் கொத்தனார்.

“அந்தத் துண்டுலதான் நம்ம உசுரே இருக்கு, மச்சான். யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க.”

“ஏன், அதுல அப்படி என்ன?”

“உள்ள மண்ணு மடிச்சுத் தைச்ச மாதிரி இருக்கு.”

“போடா பைத்தியக்காரா, மண்ணைத் தைக்கறானாம்,” என்று கொத்தனார் அவர் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். சந்தோஷத்தில் தட்டியது. தையல்காரரும் மேற்கொண்டு விளக்கவில்லை. விளக்க என்ன இருக்கிறது என்றுதான் அன்று தோன்றியது.

அனுமதி வருவதற்குள் மனைவிக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்து, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. கடையைப் பூட்டிவிட்டு அவரும் கூடப் போனார். அறுவைச் சிகிச்சை முடிந்த மறுநாள் மழை பிடித்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு போனில் கேட்டார்.

“அங்க மழை எப்படி, மச்சான்?”

“கொட்டுது. நீ தங்கச்சியைக் கவனி.”

“மேடு?”

“எல்லாம் நான் பாத்துக்கறேன். உனக்கு எதுக்கு அந்தக் கவலை?”

அவருக்கு நிம்மதியாக இருந்தது. போனை வைத்துவிட்டு உள்ளே போனார்.

கொத்தனார் குடையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தபோது, கிழக்குத் துண்டின் ஓரம் சரிந்திருந்தது. அதிகம் இல்லை, ஒரு வண்டி மண். வெளிப்பள்ளத்தில் தண்ணீர் நின்று அடியை அரித்துக்கொண்டிருந்தது. அவர் வெகுநேரம் நின்று பார்த்தார். இந்தச் சேற்றுக் குவியலை நம்பித்தான் தெருவே உட்கார்ந்திருக்கிறது. மாப்பிள்ளை ஊரில் இல்லை. அதிகாரி வருவதற்குள் இது கரைந்து ரோட்டில் ஓடிவிடும். வந்து பார்த்து, எங்கே உங்கள் கோட்டை என்று கேட்டால் யார் பதில் சொல்வது?

“தொடக் கூடாதுன்னு சொன்னாங்களே,” என்றார் பக்கத்து வீட்டு டிரைவர்.

“தொடக் கூடாதுன்னா கெடுக்கக் கூடாதுன்னு அர்த்தம். நான் என்ன கெடுக்கவா போறேன்? எத்தனை வருஷமா சுவர் வைக்கறேன்!”

மழையோடு மழையாக வேலை ஆரம்பித்தது. தெருவே வந்தது. வேலைக்குப் போகிறவர்கள் லீவு போட்டார்கள். பெண்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கல் சுமந்தார்கள். டீ அடுப்பை மேட்டடிக்கே கொண்டுவந்துவிட்டார்கள். அந்தத் தெருவில் எல்லோரும் சேர்ந்து ஒரு வேலை செய்தது அதுதான் முதல் தடவை. ஒருத்தரை ஒருத்தர் கிண்டல் செய்துகொண்டு, வழுக்கி விழுந்து எழுந்து, நன்றாகத்தான் இருந்தது.

சரிந்த ஓரத்தை மட்டும் சரிசெய்யலாம் என்று டிரைவர் சொல்லிப் பார்த்தார். கொத்தனார் கேட்கவில்லை. ஒட்டுப்போட்ட இடத்தில்தான் மறுபடி விரியும். வெறும் மண் மேல் கல் வைத்தால் அடுத்த மழைக்குக் கல்லும் மண்ணும் சேர்ந்து வரும். கீழே கெட்டித்தரை வேண்டும். அது அவருக்குக் கையில் ஊறிய விஷயம். யோசித்துச் செய்வது அல்ல. நூல் கட்டினார். மேட்டைத் திறந்து மேல் சரளையையும் மஞ்சளையும் எடுத்தார். பொதபொதவென்று வந்த கறுப்பு மண்ணை வாரச் சொன்னார். அதற்குக் கீழே இருந்த கறுப்பையும் மஞ்சளையும் சரளையையும் வாரச் சொன்னார். கடப்பாரை பாறையில் ணங்கென்று கேட்ட பிறகுதான் நிறுத்தச் சொன்னார். மண்ணெல்லாம் குட்டைக்குப் போனது. வெளிப்பள்ளத்தை ஆழமாக வெட்டி, நீர் நிற்காமல் குட்டைக்கே ஓடுகிற மாதிரி வாய்க்கால் எடுத்தார். பிறகு பாறை மேல் கல் வைத்தார். கல், மேட்டின் மேற்குப் பக்கத்திலிருந்து வந்தது, அங்கேதான் வேண்டிய மட்டும் கிடந்தது. இடுக்கில் சல்லியை இறுக்கினார். சிமென்ட் ஒரு சட்டிகூடப் போடவில்லை. பழங்காலத்தில் சிமென்ட் ஏது? மேலே கொஞ்சம் மண் போட்டு, பழைய புல்லையே பத்தையாக வைத்து மூடினார். ஒரு ஓரத்தையும் விடவில்லை. அரைகுறை வேலை அவருக்குப் பிடிக்காது.

ஆஸ்பத்திரியிலிருந்து வாடகைக் காரில் திரும்பியபோது, தெரு முனையில் மனைவிதான் முதலில் பார்த்தாள்.

“என்னங்க, மேடு என்ன இவ்வளவு நேரா இருக்கு?”

அவளை வீட்டில் படுக்க வைத்துவிட்டு அவர் போனார். கொத்தனார் அங்கேயே நின்றார். கூட டிரைவரும் இன்னும் சிலரும். ஒரு பரிசை ஒளித்து வைத்திருக்கிறவர்கள் மாதிரி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எப்படி, மாப்பிள்ளை? தூக்குக்குண்டு போட்டுப் பாத்துக்கோ. ஒரு நூல் விலகியிருந்தா என் பேரை மாத்திக்கறேன்.”

அவர் மேட்டைச் சுற்றி வந்தார். பள்ளத்தில் இறங்கி ஏறினார். புல் பத்தையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். கல்லில் வரிசையாக ஆப்புக் குழிகள் இருந்தன.

“உள்ள இருந்த மண்ணு?”

“எந்த மண்ணு?”

“கறுப்பு மண்ணு. அடியில இருந்தது.”

“அதுவா? கையில எடுத்தா மாவாக் கொட்டுது. அதை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? வாரிக் குட்டையில போட்டுட்டோம். பாறை வரைக்கும் போயிட்டேன், மாப்பிள்ளை. இப்ப பாறை மேல உக்காந்திருக்கு உன் கோட்டை. யானை முட்டினாலும் அசையாது.”

“முழுசுமா?”

“பின்ன? பாதி வேலை பண்ணி எனக்குப் பழக்கமா?”

கொத்தனாரின் வலது கையில் கட்டைவிரல் நகம் கறுத்துப்போயிருந்தது. கல் நசுக்கியிருக்க வேண்டும். தையல்காரர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

“நல்லா இருக்கு, மச்சான்,” என்றார்.

“அப்பாடா! இவன் வாயிலேர்ந்து இந்த வார்த்தையைப் பிடுங்கறதுக்குள்ள! டேய், மாப்பிள்ளைக்கு ஒரு டீ போடுங்கடா.”

அதற்கப்புறம் அதிகாரி வரும்வரை அவர் தினமும் குட்டைக் கரைக்குப் போனார். தண்ணீர் முதலில் காப்பி நிறத்தில் இருந்தது. பிறகு தெளிந்துகொண்டே வந்தது. ஒருநாள் கையை விட்டு அள்ளிப் பார்த்தார். சேறு. மூன்று நிறமும் ஒன்றாகிவிட்ட சேறு. அதிகாரிக்குப் போன் செய்யலாம் என்று நாலைந்து தடவை எண்ணை எடுத்தார். என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டார். எங்காவது ஒரு முழ நீளம் தப்பியிருக்கும் என்று ஒரு நினைப்பும் இருந்தது. மச்சானின் வேலையைத் தெரிந்தவர் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

அதிகாரி இரண்டு ஆட்களோடு வந்தாள். தெரு முழுக்கக் கயிற்றுக்கு வெளியே நின்றது. கொத்தனார் புதுச் சட்டை போட்டிருந்தார். கக்கத்தில் பிடிக்கிற சட்டைதான். மேட்டைப் பார்த்ததும் அதிகாரியின் முகம் மாறியதைத் தையல்காரர் கவனித்தார். நூல் கட்டி, ஒரு ஆள் நிற்கிற அகலத்துக்கு வெட்டச் சொன்னாள். வெட்ட வெட்டக் கல் வந்தது. சல்லி வந்தது. ஆப்புக் குழி போட்ட கல் வந்தது. பாறையைத் தொடுகிற இடத்தில் ஒரு தீப்பெட்டி வந்தது, மேலிருந்த படம்கூட அழியாமல்.

வெளிப்பள்ளத்தையும் பார்த்தாள். துண்டின் இரண்டு கோடிகளிலும் கம்பியை இறக்கிப் பார்த்தாள். பிறகு குழிக்குள் இறங்கி, “ஐயா, கொஞ்சம் வாங்க,” என்றாள்.

அவர் இறங்கினார். இருவர் நிற்கத்தான் இடம் இருந்தது. அவள் தீப்பெட்டியை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

“தொடக் கூடாதுன்னு சொன்னேனே.”

“நான் ஆஸ்பத்திரியில இருந்தேன், மேடம். மழையில சரிஞ்சுதுன்னு... காப்பாத்தறதுக்காகத்தான்.”

“யாரு?”

அவர் காலடிப் பாறையைப் பார்த்தார்.

“சொல்ல வேண்டாம். ஆனா நான் எழுதினா, கேப்பாங்க.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “அன்னைக்குக் கம்பியில பாத்ததை எழுதணும்னா, முழுசா எழுதணும். இங்க மண் அரண் இருந்துச்சு, நான் தொடக் கூடாதுன்னு சொன்ன பிறகு கலைச்சிருக்காங்கன்னு. அது குத்தம். போலீஸ் வரும். ஜெயில் வரைக்கும் போகலாம்.”

“எழுதினா தெரு தப்புமா?”

“தப்பாது. இல்லாத ஒண்ணை எப்படிக் காப்பாத்தச் சொல்றது?”

“எழுதலைன்னா?”

“இந்தக் குழியில இருக்கறதை மட்டும் எழுதுவேன். கல் வெட்டின குப்பை. அதுவும் பொய்யில்லை.” அவள் சுவரைத் தொட்டாள். சல்லி கொஞ்சம் உதிர்ந்தது. “உங்க பேச்சு மட்டும் பொய்யாகும்.”

அவர் சுவரைப் பார்த்தார். நல்ல வேலைப்பாடு. ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவே ஊசி நுழையாது.

“இருந்துச்சு இல்லையா, மேடம்?”

“இருந்துச்சு.”

தலைக்கு மேலே, குழியின் விளிம்பில், கயிற்றைத் தாண்டி வந்து நின்ற ஒரு ஜோடிக் கால்கள். வெடித்த குதிகால்கள், சுண்ணாம்பு ஏறிய விரல்கள். “என்ன மாப்பிள்ளை, உள்ளேயே குடிபோயிட்டியா?” என்று குரல் கேட்டது.

“குழியில இருக்கறதை எழுதுங்க,” என்றார் தையல்காரர்.

அதிகாரி மேலே ஏறி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். மேடு முழுவதும் பழைய காலத்தில் கல் வெட்டும் வேலையில் மிஞ்சிய குப்பை. பழங்காலச் சின்னம் எதுவும் இல்லை. துறை இதில் தலையிட முடியாது. சொல்லும்போது அவள் தையல்காரரைப் பார்க்கவில்லை. பிறகு ஆட்களிடம் குழியை மூடச் சொல்லிவிட்டு நாடாவைச் சுருட்டினாள்.

பின்னால் யாரோ ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள்.

“அப்போ மொதல்லேர்ந்தே குப்பைதானா?” என்றார் கொத்தனார்.

“ஆமா, மச்சான்.”

“அந்தக் கறுப்பு மண்ணு, மடிப்பு, அது இதுன்னு குதிச்சியே?”

“நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்.”

“தப்பாப் புரிஞ்சுக்கிட்டானாம்.” கொத்தனார் தெருவைத் திரும்பிப் பார்த்தார். “கேட்டுக்கோங்கய்யா. இத்தனை வருஷம் கோட்டை, கோட்டைன்னு உயிரை வாங்கினான். இவன் பேச்சை நம்பி மழையில கல்லு சுமந்தோம் பாரு, நம்மளைச் செருப்பால அடிக்கணும். வேற யாரையாவது பாத்திருக்கலாம். கோர்ட்டுக்குப் போயிருக்கலாம். எல்லாத்தையும் விட்டுட்டு ஒரு தையக்காரன் பின்னாடி வந்தோம்.”

“விடுங்க, அவரும் வேணும்னு பண்ணலையே,” என்றார் டிரைவர்.

“உனக்கென்ன, நீ வாடகைக்கு இருக்கே.” கொத்தனார் தன் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். “எனக்குத்தான்டா அந்த மாடிப்படி தெரியும்.”

கூட்டம் கலைந்தது. யாரோ “கோட்டை விட்டான்யா கோட்டை,” என்றார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள், உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

வீட்டில் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். செய்தி அவருக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தது.

“நிஜமாவே குப்பைதானா?”

“குப்பைதான்.”

“அன்னைக்குக் கம்பியில ஏதோ வந்துச்சுன்னு செருப்பைக்கூடக் கழட்டாம உள்ள ஓடி வந்தீங்களே.”

“சரியாப் பாக்கல.”

அவள் அவரையே பார்த்தாள். பிறகு, “அண்ணன் கட்டினதுனாலயா?” என்று கேட்டாள்.

அவர் மாத்திரையைப் பிரித்து அவள் கையில் வைத்தார். தண்ணீர் எடுத்துவர உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவள் மறுபடி கேட்கவில்லை.

மறுநாள் வழக்கம்போலக் கடையைத் திறந்தார். மெஷினுக்கு எண்ணெய் விட்டார். பள்ளிக்கூடக் கால்சட்டைகள் சிலவற்றுக்குக் கால்மடிப்பு தைக்க வேண்டியிருந்தது. தைத்தார். காலையில் கம்பெனி ஆட்கள் வந்து, வீட்டுச் சுவர்களில் சிவப்புச் சாயத்தால் எண் போட்டுக்கொண்டு போனார்கள். இரண்டு பேர் வந்து, தைக்கக் கொடுத்த துணியைத் தைக்காமலே திருப்பி வாங்கிக்கொண்டார்கள். டிரைவர் வேறு தெருவில் வீடு பார்த்துவிட்டதாகச் சொன்னார். மத்தியானம் கொத்தனாரின் மகள் வந்து நாடா கேட்டாள். கதவு நிலைகளைக் கழற்றி எடுத்துப்போக, அப்பா அளவு எடுக்கிறார் என்றாள். கொடுத்தார். மனைவிக்குக் கட்டு மாற்ற நர்ஸ் வந்து போனாள். புண் ஆறிவருகிறது என்றாள். சாயங்காலம் நாடா திரும்பி வந்தது. இரண்டு சட்டைக்குக் காஜா எடுப்பது மீதி இருந்தது. வெளிச்சம் போதவில்லை. கடையைச் சாத்தினார்.